படிக்கட்டில் கத்தியவள்

பிப்ரவரி 11

அன்புள்ள ஊசிக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் உன் கைக்கு வந்தனவா, வந்தும் கிழித்துப் போட்டாயா, எனக்குத் தெரியாது. உன் பெரியம்மாவின் சலவைக் கடைக்கு ஒருமுறை போன் செய்தேன். "இங்க அப்படி ஒரு பொண்ணே இல்லையே" என்று வைத்துவிட்டார். மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே நீ இருமுவது கேட்டது. தொண்டையில் குழாய் போட்டதால் வந்த இருமல் இன்னும் போகவில்லையா?

ஆஸ்பத்திரியிலிருந்து நீ வீட்டுக்கு வந்த அன்றே பார்க்க வந்தேன். உன் அப்பா கதவைப் பாதி திறந்து, "போதும்மா. நீங்க எல்லாரும் பண்ணினது போதும்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் போனபோது நீயே இல்லை. பள்ளியிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார், பெரியம்மா ஊருக்கு அனுப்பிவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதுவும் ஏதோ துணி காயப்போட்டுக்கொண்டே, சாதாரணமாக.

இங்கே கேப்டனை வாலிபால் அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள். அன்று அவள் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் சஸ்பென்ஷன். எனக்கு மட்டும் இல்லை. தலைமை ஆசிரியை எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, "உதவிக்குக் கூப்பிட்டவள் இவள் ஒருத்திதான்" என்றார். அந்த ஒரு தட்டில் என் கதை முடிந்தது. இப்போது என் பெஞ்சில் நான் மட்டும்தான். வகுப்புக்குள் கால் வைத்தால் பின்வரிசையில் ஆம்புலன்ஸ் மாதிரி ஊளையிடுகிறார்கள். போனில் வருவதைப் படிக்க முடியாமல் நானே அதை அணைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவின் பேக்கரி வேனில், டாஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

உன் தங்கை சின்னதுவிடம் உன் உடம்பு எப்படி என்று கேட்டேன். "எங்க அக்கா பேரை உன் வாயால சொல்லாத" என்றாள். ஒன்பதாம் வகுப்புக் குட்டி, என் இடுப்பு உயரம் இருந்தபோது நான் தூக்கிக்கொண்டு திரிந்தவள்.

ஒரு வரி எழுது. திட்டினாலும் சரி.

வாத்து


பிப்ரவரி 19

வாத்து,

திட்டினாலும் சரி என்றாயே, இந்தா வாங்கிக்கொள்.

காலையில் கண் விழித்தால் ஓட்டல் படுக்கை விரிப்புகள். ஈரத்தில் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம் கனக்கும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறி, இஸ்திரி போடும் சூட்டு உருளைக்குள் விடவேண்டும். மறுமுனையைப் பிடிப்பவர் பெரியம்மா. நாள் முழுக்க என் முகத்துக்கு நேரே அவர் முகம். 'குடிகாரி' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பார்வையே போதும், வாய்க்கு வேலை மிச்சம். கடைக்கு வருகிறவர்களிடம், "என் தங்கச்சி பொண்ணு. தாயில்லாப் பொண்ணு. படிப்பு ஏறலை, அதான்" என்கிறார். படிப்பு ஏறவில்லையாம்! உனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது யாருடி?

அப்பா என்னை இங்கே கொண்டுவந்து விட்ட கதையைக் கேள். பஸ்ஸில் வழி நெடுக ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அவர் வேலை உனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்களை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, "பயப்படாதீங்க, என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சொல்லுகிற மனுஷர். வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டினவனிடம்கூட, "பரவாயில்லை, ரிவர்ஸ் எடுங்க" என்பவர். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கடை வாசலில் பையை இறக்கிவைத்து, பெரியம்மாவிடம், "வெச்சுக்கோங்க. என்னால முடியலை" என்றார். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை.

அன்றைக்கு எல்லாரும்தான் குடித்தார்கள். எல்லாரும் எழுந்து முகம் கழுவி, மிட்டாய் மென்றுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். நானும் கொஞ்சம் தூங்கி எழுந்து அப்பா வருவதற்குள் வீட்டில் இருந்திருப்பேன். நீ படிக்கட்டில் நின்று கத்தி ஊரைக் கூட்டினாய். ஆம்புலன்ஸ், போலீஸ், பால்கனிக்கு ஒரு தலை. என்னை ஸ்டிரெச்சரில் இறக்கியதை யாரோ படம் எடுத்திருக்கிறான். முகமெல்லாம் வாந்தி. அந்தப் படம் அப்பாவின் போனுக்கே வந்ததாம். தெரியுமா உனக்கு?

காப்பாற்றினாயாம். எதை?

இனி எழுதாதே.


பிப்ரவரி 25

ஊசி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். அன்றைக்கு நடந்ததை உனக்கு யாருமே சொல்லவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. 'கொஞ்சம் தூங்கி எழுந்து' என்கிறாய். நீ தூங்கவில்லை ஊசி.

ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். கேப்டனின் அப்பா அம்மா வெளியூர் போயிருந்தார்கள். பகல்தானே என்ற தைரியத்தில்தான் நாம் போனோம். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. யாரும் படம் எடுக்கக் கூடாது என்று எல்லார் போனையும் அதில் வாங்கி, கேப்டன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். இதுவரைக்கும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஆரஞ்சு ஜூஸில் என்ன கலந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டேன். நீ காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஒரே மூச்சில் யார் முடிப்பது என்று பந்தயம். இரண்டு பையன்களைத் தோற்கடித்தாய். எல்லாரும் உன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நானும்தான் கை தட்டினேன்.

பிறகு நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். எதற்கோ சிரித்தாய். உட்கார்ந்தாய். உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் கேப்டனின் அப்பா அம்மா அறையில் மல்லாக்கப் போட்டார்கள். கட்டில் அழுக்காகிவிடுமே என்று ஒருத்தி தலைக்கு அடியில் பழைய துண்டு விரித்தாள். "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்று கதவைச் சாத்தினார்கள். கூடத்தில் பாட்டு.

கொஞ்சம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். குறட்டை என்று நினைத்தேன். கிட்டே போனால் தண்ணீருக்கு அடியிலிருந்து மூச்சு விடுவது போல ஒரு சத்தம். அதுவும் நின்றது. காத்திருந்தேன். வரவில்லை. வரவில்லை. பிறகு ஒன்று வந்தது. உன் கையைக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். அந்தத் தழும்பை நீ பார்த்திருப்பாய். உன் உதட்டில் பேனா மை கொட்டினது மாதிரி நிறம்.

ஓடிப்போய், "ஆம்புலன்ஸ் கூப்பிடணும், என் போனைக் கொடு" என்றேன்.

"லூசா நீ? போலீஸ் வரும்" என்றாள் கேப்டன்.

"மூச்சு சரியா வரலைடி."

"முகத்துல தண்ணி அடி."

அடித்தார்கள். நீ கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. ஒருவன் கடுங்காபி கொடுக்கலாம் என்றான். இன்னொருவன், "அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவாரு. அவளுக்காகத்தான் சொல்றேன், கொஞ்சம் பொறு" என்றான். அந்த அறையில் இருந்த எல்லாரும் உன்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள் ஊசி, உன் அப்பாவிடமிருந்து. நீ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாய்.

"செத்துட்டா?" என்று ஒருத்தி அழுதாள். "சாக மாட்டா, வாயை மூடு." அலமாரிச் சாவி கேப்டனின் கைக்குள். பிடுங்கப் போனேன். அவள் விளையாட்டுக்காரி, தள்ளினதில் வாசல் கதவில் போய் மோதினேன். அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். படிக்கட்டில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. எதிர்வீட்டு அம்மா ஒருவர் சோப்பு நுரைக் கையோடு வந்தார். உன்னைப் பார்த்தார். எங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. உன் வாயைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் தனியா விட்டிருந்தா, கூப்பிட்டும் பிரயோஜனம் இல்லை." டாக்டர் என் அம்மாவிடம் சொன்னது இது.

எதைக் காப்பாற்றினாய் என்று கேட்டாய். மூச்சு ஒன்றைத்தான். உன் படிப்பு, உன் வீடு, உன் அப்பா, நம் இருவர் சிநேகம், இதில் எதையும் என்னால் முடியவில்லை.

வாத்து


மார்ச் 11

வாத்து,

உன் கடிதத்தைத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. பெரியம்மா வந்து, "என்ன, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றார். அன்றிலிருந்து மல்லாந்து படுக்கப் பயமாக இருக்கிறது. கண் அசந்தால் மூச்சை நானே எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். உனக்கு ஏதேதோ எழுதிக் கிழித்தேன். அதெல்லாம் இருக்கட்டும். இப்போது அதற்கு நேரம் இல்லை.

நேற்று சின்னது பெரியம்மா போனில் பேசினாள். பெரியம்மா ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டுதான் பேச விடுவார். அவள் சொன்னாள்: "அக்கா, சனிக்கிழமை மத்தியானம் நாங்க குரூப் ஸ்டடி. கேப்டன் அக்காவோட சித்தப்பா புதுசா வீடு கட்டுறாங்கல்ல, அங்க."

கட்டி முடிக்காத வீட்டில் என்னடி குரூப் ஸ்டடி? நான் அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை. சொல்லும்போது தொண்டையில் சிரிப்பை அடக்குகிற அதே அடக்கல். "போகாத" என்றேன். "ஏன்க்கா? படிக்கத்தானே?" என்றாள், பெரியம்மா கேட்கட்டும் என்று. "உனக்காகத்தான்க்கா கேப்டன் அக்கா எங்கிட்ட பேசுறாங்க. உன்னைப் பத்தியே பேசிட்டு இருக்காங்க" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் பெரியம்மா அடுத்த நிமிஷம் அப்பாவுக்குப் போன் போட்டிருப்பார்.

அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் தெரியுமல்லவா? இந்த விரிப்பின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதினான்கு வயதில். சொன்னால் அவள் படிப்பு போகும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள். இரண்டு பக்கமும் சுவர், நடுவில் நான் தலையை முட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ போ. உன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். அவள் உன் மூஞ்சியில் காறித் துப்புவாள் என்றும் தெரியும். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. ஆனாலும் போ. எனக்கு வேறு யாரும் இல்லை வாத்து.

ஓட்டல் துணி எடுக்க வருகிறவரிடம் கெஞ்சி இதைக் கூரியரில் போடச் சொல்லியிருக்கிறேன்.

ஊசி


மார்ச் 13

வாத்து,

வந்ததா? இன்றைக்கு ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டு உன் நம்பருக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறது. வேனுக்குள்ளேயே கிடக்கிறதா அந்தச் சனியன்? எடுத்துப் பார்க்கக் கூடாதா?

அவளுக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டாலே வாந்தி வரும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மல்லாக்க விடாதே. தனியாக விடாதே. யார் என்ன சொன்னாலும் தூங்கட்டும் என்று விட்டுவிடாதே.

இதுவும் சனிக்கிழமைக்குள் வராது என்று தெரிகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஊசி


மார்ச் 18

ஊசி,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன். முதலில் ஒன்று: சின்னது வீட்டில் இருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. இனி நிதானமாகப் படி.

முதல் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பள்ளி வாசலில் சின்னதுவைப் பிடித்தேன். "உங்கக்கா எழுதியிருக்கா, போகாதடி" என்றேன். "உன்னாலதான் எங்கக்கா வீட்டுல இல்லை. நீ யாரு எனக்குச் சொல்ல?" என்று பையால் இடித்துவிட்டுப் போனாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கடிதத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அம்மா வேனிலேயே உட்கார்ந்து படித்தாள். "அவங்க அப்பாகிட்ட சொல்றதுதான் முறை" என்றாள். "சொன்னா அந்தக் குட்டிக்குப் படிப்பு போயிடும்மா" என்றேன். ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "போலீஸ்ல சொன்னா?" "அடுத்த தடவை இன்னும் ஒளிஞ்சு, இன்னும் தூரமாப் போவாங்கம்மா." கடைசியில் அம்மா, "சரி, தடுக்க முடியலைன்னா பக்கத்துல இருப்போம்" என்றாள்.

சனிக்கிழமை விற்காமல் மிஞ்சின பன்னையும் தண்ணீர் கேனையும் ஏற்றிக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் வேனை நிறுத்தினோம். பூசாத சுவர், கதவு மாட்டாத நிலைவாசல், முன்னால் மணல் குவியல். உள்ளே பாட்டு. கேப்டன் வெளியே வந்தாள். "போலீஸ் வந்தாச்சுடா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். சிரிப்பு.

"நான் உள்ள வரலை. இங்கதான் உட்காரப் போறேன்" என்றேன்.

அம்மா வேனிலிருந்து இறங்கி, "யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டேன்ப்பா. பேர் கேக்க மாட்டேன், என்ன குடிச்சீங்கன்னு கேக்க மாட்டேன். பசிச்சா பன் இருக்கு. முடியலைன்னா சொல்லுங்க, வீட்டுல விடுறேன்" என்றாள். "ஆண்ட்டி, கிரீம் பன் இல்லையா?" என்று ஒருவன் கேட்டான். மறுபடியும் சிரிப்பு. ஒரு காலி டப்பா என் தலைக்கு மேலே பறந்தது. சின்னது மொட்டை மாடியில் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். நான் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய்த் தட்டிவிட்டிருக்க வேண்டுமா? இன்னும் தெரியவில்லை.

அப்புறம் ஒருத்தி வந்து தண்ணீர் கேட்டாள். பிறகு இரண்டு பேர் பன் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிரீம் பன் கேட்டவன் வெளுத்துப்போய் வந்து வேன் டயர் ஓரமாக வாந்தி எடுத்தான். "ஆண்ட்டி, நிஜமாவே எங்க வீட்டுல சொல்ல மாட்டீங்கல்ல?" என்றான். அம்மா அவனை ஏற்றிக்கொண்டு போனாள். அந்த நேரம் பார்த்துத்தான் நம் பள்ளியே இல்லாத பெரிய பையன்கள் பைக்கில் வந்தார்கள்.

வந்தவர்கள் ஏற்கெனவே குடித்திருந்தார்கள், கால் தரையில் நிற்கவில்லை. ஒருவன் சின்னதுவிடம், "வா, மெயின் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு" என்றான். கேப்டன், "டேய், அவ சின்னப் பொண்ணு" என்றாள். "நான் ஒண்ணும் சின்னப் பொண்ணு இல்லை" என்று உன் தங்கை ஏறி உட்கார்ந்துவிட்டாள். கண் செருகியிருந்தது. மெயின் ரோடு உனக்குத் தெரியும், லாரிகள்.

நான் முன்னால் போய்ச் சாவியைப் பிடித்தேன். அவன் முறுக்கினான். நான் விடவில்லை. வண்டி என்னை இழுத்துக்கொண்டு போய் மணலில் சாய்ந்தது. என் கை அடியில் மாட்டிக்கொண்டது. சின்னது மணல்மேல் விழுந்தாள். அவன் எழுந்து ஓடியே போய்விட்டான். பாட்டு நின்றது. எல்லாரும் மரம் மாதிரி நின்றார்கள். அப்புறம் கேப்டன் தெருவுக்கு ஓடினாள். "யாராவது வாங்களேன், யாராவது வாங்களேன்" என்று அவள் கத்தின கத்தலில் எனக்கு வலியே மறந்துபோயிற்று. வந்து சின்னதுவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "தூங்காத, பேசு, தூங்காத" என்று அழுதாள். அவளை எனக்குப் பிடிக்காது. இனியும் பிடிக்காது. ஆனால் இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அம்மா திரும்பி வந்து எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பிறகு சின்னதுவை உங்கள் வீட்டுக்கு. உன் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். என் கையைப் பார்த்தார், அவள் முழங்காலைப் பார்த்தார். வாடையும் தெரிந்திருக்கும்.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு பேருக்கும் உயிருக்கு ஒண்ணும் இல்லைங்க. மத்ததை அவளே சொல்லணும்" என்றாள் அம்மா.

அவர் சின்னதுவிடம், "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றார். இப்போதும் கத்தவில்லை.

சின்னது அழுதுகொண்டே கத்தினாள். "பண்ணுவேனா? அக்காவைப் பண்ணின மாதிரி என்னையும் பண்றதுக்கா? ரோட்டுல விழுந்து கிடந்தாலும் உங்களுக்குப் பண்ண மாட்டேன்ப்பா. யாருமே பண்ண மாட்டோம்!"

உன் அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு. அம்மா என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குமேல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நேற்றும் இன்றும் சின்னது பள்ளிக்கு வரவில்லை.

பயமாக இருக்கிறது ஊசி. நீ எதற்குப் பயந்தாயோ அதையே நான் செய்துவிட்டேனோ?

வாத்து


மார்ச் 27

வாத்து,

உன் கோணல் எழுத்தைப் படிப்பதற்குள் கண் பிதுங்கிவிட்டது. 'சின்னது வீட்டில் இருக்கிறாள்' என்று முதலிலேயே எழுதினாயே, அதற்காக மட்டும் உன்னை மன்னிக்கலாம். மற்றதுக்கு இல்லை. நான் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நீ அங்கே கையை உடைத்துக்கொண்டாய். இதற்கு நான் எங்கே போய்ப் பதில் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். பெரியம்மாவிடம் இன்னொரு பெண்ணையும் ஒப்படைக்கத்தான் என்று நினைத்து வாசலை எட்டிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. சின்னது பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாளாம். பெரியம்மா, "பேசுங்க" என்று மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போனார். அந்தக் கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்பா துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். "ரோட்டுல கிடந்தாலும் எனக்குப் போன் பண்ண மாட்டீங்களாமே" என்றார்.

"ஆமாப்பா" என்றேன். பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது இது.

"நான் அவ்வளவு மோசமா?"

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கேப்டன் வீட்டுக் கூடம். என் கால் எனக்கு இல்லை. உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் ஏதோ சொல்கிறேன். "அப்பாவுக்கு மட்டும் வேணாம். என்ன ஆனாலும் அப்பாவுக்கு மட்டும் சொல்லாத." அதுதானே நான் கடைசியாகப் பேசினது? நீ உன் கடிதத்தில் இதை எழுதவில்லை. எவ்வளவு கோபத்தில் எழுதினாய், அப்போதும் இதை மட்டும் விட்டுவிட்டாய்.

அப்பாவிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "சாகும்போதுகூட உங்களுக்குத்தான்ப்பா பயந்தேன்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் நனைந்த துணியைப் பிழிந்தது போல ஆயிற்று. "உங்கம்மா போனப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆயிடுமோன்னுதான் எனக்கு எப்பவும் பயம். அந்தப் பயம் எனக்குக் கோபமாத்தான் வருது. வேற மாதிரி வர மாட்டேங்குது" என்றார்.

உடனே ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள எனக்கு வரவில்லை வாத்து. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவர்தானே.

நம் பள்ளியில் போய் மறுபடி கேட்டாராம். இந்த வருஷம் முடியாது என்றார்களாம். ஒரு வருஷம் போனது போனதுதான். நீ எனக்கு முன்னால் படித்து முடித்துவிடுவாய், எனக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன் பேர்வழி என்று வந்து நிற்பாய், அந்தக் கொடுமையும் பார்க்கவேண்டும். இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறேன். பையைக் கட்டிவிட்டேன். பெரியம்மா ஒரு புதுத் துண்டு கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முன் அப்பா ஒன்று கேட்டார். அதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன்.

"ஆஸ்பத்திரியில போய் ஒரு நர்ஸ்கிட்ட கேட்டேன். குடிச்சு மயங்கிட்டா எப்படிப் படுக்க வைக்கணும்னு. காட்டினாங்க. சரியா பண்றேனான்னு தெரியலை, பண்ணிப் பார்க்கட்டுமா?" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வண்டி கற்றுக்கொள்ள முதல் நாள் வருகிறவர்கள் அவரைப் பார்ப்பார்களே, அப்படி.

நான் தரையில் ஒரு விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். பயமாக இருந்தது. அப்பா பக்கத்தில் மண்டியிட்டார். என் ஒரு கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்தார். முழங்காலை மடக்கினார். தோளையும் இடுப்பையும் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய் கீழே பார்க்கும்படி வைத்தார். "இப்படித்தானே?" என்றார். மயங்கினவள் எப்படிப் பதில் சொல்வாள்? பிறகு மூச்சு வருகிறதா என்று என் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தார்.

வந்துகொண்டுதான் இருந்தது. அவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அப்பா எழுந்திருக்கவில்லை.

ஊசி